ஏடபிள்யூஎஸ் (அமேசான் கிளவுட்) ஐஏஎம் பாலிசி, அதாவது யாருக்கு எதற்கு அனுமதி என்ற விதிகள், புரியவில்லை, யாராவது சொல்லித் தருவீர்களா?

வணக்கம். பெங்களூரு மாரத்தஹள்ளியில் பிஜியில் தங்கி, ஏடபிள்யூஎஸ் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் தேர்வுக்குப் படிக்கிறேன். அதில் 30% பாதுகாப்புப் பகுதிக்குத்தான். எனக்கு இடிப்பதும் அதுதான்.

நேற்று ராத்திரி நெட்வொர்க் ஏசிஎல்லில் (நெட்வொர்க்குக்குள் வருவதையும் போவதையும் வடிகட்டும் விதிப் பட்டியல்) உள்ளே வர 443 போர்ட்டைத் திறந்தேன், வெப் பக்கம் வரவே இல்லை. பதில் வெளியே போக 1024-65535 போர்ட்டுகளையும் திறக்கணும் என்று பிடிபட இரண்டு மணி நேரம் ஆனது. சர்வருக்குப் போடும் ஃபயர்வாலான செக்யூரிட்டி குரூப் என்றால் பதிலைத் தானே விட்டுவிடும். கையால் செய்த பிறகுதான் மண்டையில் ஏறியது.

ஐஏஎம் அப்படி ஏறவில்லை. டினை (மறுப்பு) எங்கே எழுதியிருந்தாலும் அதுதான் ஜெயிக்கும், சரி. வேறு அக்கவுண்டில் இருக்கும் பக்கெட் (ஃபைல் சேமிக்கும் இடம்) என்றால் இரண்டு பக்கமும் அனுமதி வேண்டும், அதுவும் சரி. இதோடு எஸ்சிபி (அக்கவுண்டுகளுக்கு நிறுவனம் போடும் உச்சவரம்பு), பெர்மிஷன் பவுண்டரி (ஒரு யூசருக்கோ ரோலுக்கோ போடும் உச்சவரம்பு) சேர்ந்தால் குழம்பிவிடுகிறேன்.

தேர்வு எழுதி முடித்தவர்கள் ஞாயிறு காலை ஒரு மணி நேரம் தமிழில் சொல்லித் தர முடியுமா? வைட்ஃபீல்டு, பெல்லந்தூர் எங்கே என்றாலும் லேப்டாப்போடு வந்துவிடுவேன்.