பிரிஸ்கெட் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது, வேகவில்லையா?

புதுக்குடி:
டெக்சாஸுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன பார்பிக்யூ கடை, காலையில் நடக்கப் போனாலே புகை வாசனை ஆளை இழுக்கும். போன சனிக்கிழமை ஒருவழியாகப் போனோம். முறை வந்ததும் "லீனா, மாய்ஸ்டா" என்று கேட்டார்கள். ஒன்றும் புரியாமல், கொழுப்பு எதற்கு என்று லீன் பிரிஸ்கெட் என்கிற மாட்டிறைச்சி அரை பவுண்டு வாங்கினேன். தட்டுகூடக் கிடையாது, காகிதத்தில் வைத்துத் தந்தார்கள். வெளியே கரிக்கட்டை மாதிரி கறுப்பு, அதை ஒட்டி உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு வளையம். வேகவே இல்லை என்று என் கணவர் தொடவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து மைக்ரோவேவில் நான்கு நிமிடம் வைத்தேன், சிவப்பு அப்படியே இருக்கிறது, கறி மட்டும் செருப்புத் தோலாகிவிட்டது. நிஜமாகவே வேகாததுதானா? அப்புறம், மதியம் ஒரு மணிக்கே ரிப்ஸ் (விலாக்கறி) தீர்ந்துவிட்டதாம். கூட்டம் வருகிறதே, இன்னும் கொஞ்சம் போட்டால்தான் என்ன?

விறகடுப்பு:
வெந்ததுதான், தேவைக்கு மேலேயே வெந்தது. முழுத் துண்டு மாட்டிறைச்சி உள்ளே 145 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டு மூன்று நிமிடம் ஆறினால் போதும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் கணக்கு. பிரிஸ்கெட்டை 200 டிகிரி வரைக்கும் கொண்டுபோவார்கள். அது மாட்டின் நெஞ்சுப் பகுதி, உடம்பின் பாரம் தாங்கும் தசை, கொலாஜன் என்கிற விறைப்பான புரதம் நிறைந்தது. அது ஜெலட்டினாக உருகினால்தான் பல்லுக்கு அடங்கும். அந்த வளையம் புகையின் வேலை. விறகு எரியும்போது வருகிற நைட்ரிக் ஆக்சைடு கறியின் ஈர மேற்பரப்பில் கரைந்து மயோகுளோபின் நிறமியைப் பிடித்துக்கொள்கிறது, பிடித்துக்கொண்டால் எவ்வளவு சூடு காட்டினாலும் பழுப்பாகாது. மைக்ரோவேவ் தோற்றது அதனால்தான்.

ஒரு மணிக்குத் தீர்ந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். பிரிஸ்கெட் முந்தின நாளே அடுப்பேறியிருக்கும், 225 முதல் 275 டிகிரியில் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல். நடுவில் 150, 160 டிகிரி வந்ததும் மணிக்கணக்கில் சூடு ஏறவே ஏறாது, கறியிலிருந்து ஆவியாகும் ஈரம் வியர்வை மாதிரி அதைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும் (முதல் தடவை வீட்டில் செய்தபோது தெர்மாமீட்டர் கெட்டுவிட்டது என்று நான் தூக்கிப் போட்டேன்). ரிப்ஸுக்கே ஐந்தாறு மணி நேரம் வேண்டும். கூட்டத்தைப் பார்த்த பிறகு போட்டால் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் ஆகும்.

கொழுப்புக்கட்சி:
லீன் வாங்கியதுதான் தப்பு 😀 பிரிஸ்கெட்டில் இரண்டு தசை. ஃபிளாட் என்பது மெலிந்தது, அதுதான் லீன். பாயின்ட் கொழுப்போடியது, அதைத்தான் மாய்ஸ்ட் என்பார்கள். அடுத்த முறை பாதிப் பாதி கேளுங்கள். அந்தக் கறுப்பும் கரி இல்லை, உப்பு, மிளகு, புகை, உருகிய கொழுப்பு எல்லாம் சேர்ந்து காய்ந்த தோல். அதை ஒதுக்கி வைத்திருந்தால் நல்ல பாகத்தைத் தூக்கிப் போட்டிருக்கிறீர்கள். காகிதம் பழைய வழக்கம். ஜெர்மானிய, செக் குடியேறிகள் இங்கே கசாப்புக்கடை வைத்துப் புகையிட்ட கறியை எடைபோட்டு விற்றார்கள், கடைக்காரர் காகிதத்தில் சுற்றித் தந்ததை அங்கேயே நின்று சாப்பிட்டார்கள்.

சனிப்புகை:
வளையம் எவ்வளவு தடிப்போ அவ்வளவு நல்ல கடை. நான் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன்.

விறகடுப்பு:
இல்லை சார். வளையத்துக்குச் சுவையே கிடையாது. நைட்ரைட் கலந்த உப்பைத் தடவினால் புகையே இல்லாமல் அதே நிறம் வரும். ஒரு துண்டை விரலில் தொங்கவிட்டுப் பாருங்கள், தானாக அறுந்தால் அதிகம் வெந்தது, லேசாக இழுத்ததும் பிரிந்தால் சரியான பக்குவம். கோழி வாங்கினால் மட்டும் கவனம். அதுவும் புகையில் சிவக்கும், அங்கே நிறத்தை நம்பாமல் 165 டிகிரி இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

புதுக்குடி, மீந்ததை மைக்ரோவேவில் வைக்காதீர்கள். இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்து அலுமினியத் தாளில் இறுக்கமாகச் சுற்றி, 275 டிகிரி ஓவனில் சூடாகும்வரை விடுங்கள். வெட்டாத துண்டாக வாங்கினால் இன்னும் நல்லது, சாப்பிடும்போது நாருக்குக் குறுக்கே வெட்டிக்கொள்ளலாம்.

புதுக்குடி:
எல்லோருக்கும் நன்றி. அந்தக் கறுப்புத் தோலை முழுக்கச் சீவி எறிந்தது நான்தான், இப்போது வயிறு எரிகிறது. வரும் சனிக்கிழமை பதினொரு மணிக்கே போய் நிற்கிறோம், பாதிப் பாதி. கணவர் வருகிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறார், ஆனால் தெர்மாமீட்டரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருவாராம்.