ஜிப்ஸி ஏத்தத்துல கறுப்புப் புகை விட்டு ஆஃப் ஆகுது, மிக்சர் ஸ்க்ரூ எத்தனை சுத்து?

ரப்பர்பால்:
அவசரம். ஞாயித்துக்கெழமை கீரிப்பாறை பக்கம் எஸ்டேட்டுக்குப் போணும். எனக்க மாருதி ஜிப்ஸி ஜீப்பு கல்லு ரோட்டு ஏத்தத்துல கறுப்பா பொகைய விட்டு, இருமி, ஆஃப் ஆவுது. தார் ரோட்டுல ஒரு கொழப்பமும் இல்ல. கார்புரேட்டர்ல பெட்ரோல்-காத்து கலவைய மாத்துற மிக்சர் ஸ்க்ரூவ உள்ள திருவிப் பாத்தாச்சு, பொகை கொறையல்ல, இப்ப ஸ்லோவும் (ஐடில்) நிக்கல்ல. எத்தன சுத்துல வைக்கணும்?

ஸ்பானர்14:
எந்த ஜிப்ஸி? 970 சிசியா, 1.3 லிட்டரா? 2000-க்குப் பிறகு வந்ததுன்னா இன்ஜெக்‌ஷன், அதுல கார்புரேட்டரும் இந்த ஸ்க்ரூவும் கிடையாது. பிளக் என்ன நிறம்? ஃபோர் லோவுல (நாலு வீலும் இழுக்கிற கொறஞ்ச கியர்) ஊர்ந்து போகும்போதா, முடுக்கி ஏத்தும்போதா? ஆஃப் ஆனா உடனே ஸ்டார்ட் ஆகுமா? கடைசியா எதைக் கழத்தி மாட்டுனீங்க?

மேட்டுத்தெரு:
உயரம் போனா காத்து கொறையும். அதான் ரிச் ஆகுது, பெட்ரோல் கூடிப் போகுது. சின்ன மெயின் ஜெட் (பெட்ரோல் வர்ற துளை) போடுங்க.

பழைய ஜெட்:
மாசம் ஒருத்தர் இதே கேள்வியக் கேக்காவ. தம்பி, மிக்சருன்னா டீக்கடை பொட்டலம் இல்ல. 1000 மீட்டர் ஏறினாத்தான் காத்தோட அடர்த்தி பத்துல ஒரு பங்கு கொறையும், மிக்சர் அஞ்சு சதவீதம் போல ரிச் ஆகும். அதுக்கே வண்டி ஆஃப் ஆகாது. அந்த ஸ்க்ரூ ஐடிலுக்கு மட்டும்தான், ஏத்தத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது. அடிப்படையப் படிச்சிட்டு வாங்க.

ஸ்பானர்14:
முழுசா அப்படிச் சொல்ல முடியாது. ஃபோர் லோவுல ஊரும்போது, ஆக்சிலேட்டர மிதிச்சா திறக்கிற த்ராட்டில் கால்வாசிகூட திறக்காது. அங்க ஐடில் துளையும் அடுத்திருக்கிற, த்ராட்டில் லேசா திறக்கும்போது பெட்ரோல் தர்ற ப்ரோக்ரெஷன் துளையுந்தான் வேலை செய்யும். ஆனா ஸ்க்ரூவை உள்ள திருகியும் கறுப்புப் புகை நிக்கலன்னா, பெட்ரோல் வேற வழியா உள்ள விழுதுன்னு அர்த்தம்.

கடலோரம்:
எல்லாம் ஈ20, அதான் 20% எத்தனால் கலந்த பெட்ரோல் செய்யிற வேலை. பழைய கார்புரேட்டருக்கு அது ஆகாது.

நாஞ்சில் ஃபோர்வீல்:
ஓய், ஈ20 லீன் ஆக்கும், அதாவது மிக்சர்ல காத்து கூடும், ரிச் ஆக்காது. சுத்தப் பெட்ரோல் 1 கிலோவுக்கு 14.7 கிலோ காத்து வேணும், ஈ20-க்கு சுமார் 13.5 போதும். அதே ஜெட்டுல ஓட்டினா பிக்கப் தடுமாறும், கார்புரேட்டர்ல வெடிக்கும். கரி எங்கேருந்து வரும்?

கடலோரம்:
கார்புரேட்டருக்குள்ள பெட்ரோல் வர்ற வழிய அடைக்கிற நீடில் நுனி ரப்பர் ஊதினா அடைக்காதே, அப்ப பெட்ரோல் வழிஞ்சு ஓவர்ஃப்ளோதானே? அதோட எத்தனால் ஈரத்த இழுக்கும். ரெண்டு பருவமழையும் பெய்யிற ஊரு, டேங்கைப் பாதி காலியா போட்டா அடியில வெள்ளம் (தண்ணி) நிக்கும்.

நாஞ்சில் ஃபோர்வீல்:
ரப்பர் விஷயம் சரி. வெள்ளம்னா தார் ரோட்டுலயும் மிஸ்ஸிங் வரணுமே.

பழைய ஜெட்:
கடலோரத்துக்காரங்க மொதல்ல, குளிர்ல ஸ்டார்ட் பண்ண காத்த அடைக்கிற சோக்கோட கேபிளப் பாருங்க. உப்புக்காத்துல உறைக்குள்ள துரு ஏறி, சோக்கோட பட்டாம்பூச்சித் தகடு பாதி மூடின மேனிக்கே நிக்கும். ஏர் கிளீனர் குழாயக் கழத்தி, விரலால தள்ளிப் பாத்தா தெரிஞ்சிடும்.

ரப்பர்பால்:
94 மாடல், 970. பிளக் நாலும் கரி, ரெண்டுல பெட்ரோல் ஈரம். ஃபோர் லோவுல பைய போகும்போதுதான். ஆஃப் ஆனா பத்து நிமிஷம் விட்டு, ஆக்சிலேட்டர முழுசா மிதிச்சாத்தான் எடுக்கும். சோக்கு நல்லா திறக்கு. புதுசா ஒண்ணும் செய்யல்ல. பழைய பம்பு லீக்குன்னு எலெக்ட்ரிக் பம்பு மட்டும் போட்டது, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.

ஸ்பானர்14:
சம்பந்தம் அதுலதான் அண்ணே. இந்தக் கார்புரேட்டரோட நீடில் 3 பி.எஸ்.ஐ. அளவு அழுத்தத்துக்குள்ளது. கடையில கிடைக்கிற பொது எலெக்ட்ரிக் பம்பு சிலது 5, 7 வரை தள்ளும். தார் ரோட்டுல எஞ்சின் குடிக்கிற வேகத்துல அது தெரியாது. ஏத்தத்துல ஊரும்போது செலவு கொறைவு, வண்டி சரிஞ்சு நிக்குது, குலுக்கலும் சேருது. நீடில் தூக்கிக்கும், பெட்ரோல் மட்டம் ஏறி, எஞ்சினுக்குக் காத்து போற கார்புரேட்டர் தொண்டையில நேரா வழியும். முழுசா மிதிச்சா எடுக்கிறதே ஓவர்ஃப்ளோவுக்கு அடையாளம்.

சோதிக்க: சமதளத்துல நிறுத்தி, ஏர் குழாயக் கழத்தி, ஸ்டார்ட் பண்ணாம சாவிய மட்டும் ஆன் பண்ணுங்க. பம்பு ஓடும். டார்ச் அடிச்சு தொண்டைக்குள்ள பாருங்க, சொட்டு விழக்கூடாது. கார்புரேட்டர்ல பெட்ரோல் தேங்குற ஃப்ளோட் சேம்பர் கண்ணாடியில பெட்ரோல் மட்டம் நடு வட்டத்துல நிக்கணும். பக்கத்துல பீடி புகைக்கிற ஆள் இருக்கக்கூடாது. பிறகு பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவுல டி-கனெக்டர்ல ஒரு பிரஷர் கேஜ் மாட்டுங்க. 4 பி.எஸ்.ஐ.-க்கு மேல காட்டினா பம்புதான் காரணம்.

முக்கியமா, பழைய பம்புல மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பப் போற ரிட்டன் பைப்பு ஒண்ணு உண்டு. அதை என்ன செஞ்சீங்க?

கடலோரம்:
நீடில் நுனியையும் பாக்கச் சொல்லுங்க. வளையம் மாதிரி தடம் விழுந்திருந்தா அழுத்தத்தக் கொறச்சாலும் ஒழுகும்.

ஸ்பானர்14:
சரிதான், மாத்திரலாம். எல்லாம் முடிஞ்ச பிறகுதான் ஸ்க்ரூ: விரலால மெதுவா உள்ள முட்டுற வரை, இறுக்கக்கூடாது, நுனி கெட்டுடும். அங்கேருந்து 2 சுத்து வெளிய. எஞ்சின் சூடா, ஏர் கிளீனர் மாட்டி, லைட் எல்லாம் ஆஃப். ஸ்லோ 850 ஆர்.பி.எம். பக்கம் வச்சிட்டு, தடுமாறுற வரை உள்ள, பிறகு வேகம் உச்சம் வர்ற வரை வெளிய, அதுலருந்து இம்மி உள்ள. ஸ்லோ ஏறியிருந்தா த்ராட்டில் ஸ்க்ரூவால இறக்கிட்டு ஒருக்கா கூட பாருங்க. ஆயில் அளவு பாக்கிற டிப் ஸ்டிக்க மோந்து பாருங்க. பெட்ரோல் வாடை வந்தா ஆயில்ல பெட்ரோல் கலந்திருக்கு, ஆயில மாத்தாம மலைக்குப் போகாதீங்க, பேரிங் போயிரும்.

நாஞ்சில் ஃபோர்வீல்:
எலெக்ட்ரிக் பம்பையே வச்சுக்கிறதா இருந்தா ரெகுலேட்டரும், ஆயில் பிரஷர் இல்லன்னா பம்ப நிறுத்துற சுவிட்சும் கட்டாயம். வண்டி கவுந்து எஞ்சின் நின்னாலும் பம்பு பெட்ரோல அடிச்சிட்டே இருக்கும்.

பழைய ஜெட்:
நான் மொதல்லயே சொன்னேன், ஸ்க்ரூவுல ஒண்ணும் இல்லன்னு.

ரப்பர்பால்:
கேஜுல 6. ரிட்டன் பைப்பு வாயில போல்ட் சொருகி வச்சிருக்கு. பழைய பம்புக்கு டயாஃப்ரம் கிட் வாங்கியாச்சு, நீடிலும் வாங்கியாச்சு. நன்றி.

ஸ்பானர்14:
ஆயில் மோந்து பாத்தியளா?

ஸ்பானர்14:
அண்ணே?