வில்லிஸ் ஜீப்: பழைய இன்ஜினைக் கட்டினீர்களா, டீசல் மாட்டினீர்களா? நடந்ததைச் சொல்லுங்கள்

முடோன் பேரன்:
யோசனை கேட்டு எழுதவில்லை. ஒன்று மனதில் கிடக்கிறது, அவ்வளவுதான். அப்பாவின் ஜீப், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கே பர்மாவில் தங்கிப்போன வண்டிகளில் ஒன்று. 2006-ல் புகை தாங்கவில்லை. சயாவை (மெக்கானிக்கை) வீட்டுக்கே வரவழைத்து, பலாமரக் கிளையில் சங்கிலி கட்டி இன்ஜினை இறக்கினோம். போர் அடித்து (சிலிண்டரை உள்ளே கடைந்து பெரிதாக்கி), பிஸ்டன் மாற்றி, அதையே கட்டி ஓட்டுவது என்றுதான் பேச்சு.

சயா மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி, சிலிண்டர்கள் இருக்கும் இரும்பு உடலை, அதாவது பிளாக்கைக் கழுவி, மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. அம்மா சாமி அறையிலிருந்து திருநீற்றுக் கிண்ணத்தைக் கொண்டுவந்தாள். சயா பர்மாக்காரர், அவருக்கே கொஞ்சம் தயக்கம். அப்பா தலையாட்டியதும் மூன்றாவது சிலிண்டரைச் சுற்றித் தூவினார். வெற்றிலை போட்டுக்கொண்டு காத்திருந்தோம். புகை போகும் எக்சாஸ்ட் வால்வு உட்காரும் சீட்டிலிருந்து சிலிண்டர் சுவர் வரைக்கும், வெள்ளைத் திருநீற்றில் மயிரிழை மாதிரி ஒரு கறுப்புக் கோடு ஊறி வந்தது. அப்பா அதன் மேல் விரலை வைத்தார். எதுவும் பேசவில்லை.

அடுத்த மாதம் பழைய ஜப்பான் டீசல் ஒன்றை மாட்டினோம். வண்டி ஓடுகிறது. பிளாக் இன்னும் அதே மரத்தடியில்தான் கிடக்கிறது.

பெகு ராஜா:
விரிசல் தெரிந்த பிறகு வேறு என்ன செய்வது தம்பி, சரியாகத்தான் செய்தீர்கள். நான் கட்டிப் பார்த்தவன். ரங்கூனில் ஒரு கடையில் பிளாக்கைக் கொடுத்தேன். 40 ஓவர்சைஸுக்கு, அதாவது பழைய அளவைவிட ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 40 பங்கு கூடுதலாக, போர் அடித்து வைத்துவிட்டார்கள். பஜார் முழுக்க அலைந்து எனக்குக் கிடைத்த பிஸ்டன் 30. ரிங் போடாமல் ஒன்றை உள்ளே விட்டுப் பார்த்தேன். கிணற்றில் கல் போட்ட மாதிரி கடகடவென்று கீழே போய்விட்டது. கடைப்பையன் சிரித்தான், என்னால் முடியவில்லை. பிறகு நாலு சிலிண்டருக்குள்ளும் ஸ்லீவ் என்ற புதுக் குழாய் இறக்க வேண்டியதாயிற்று. அந்தக் காசுக்கு இரண்டு டீசல் இன்ஜின் வாங்கியிருக்கலாம்.

ஆறு வோல்ட்:
ராஜா அண்ணே, பிஸ்டனைக் கையில் வாங்கி, அளந்து, அதற்கு ஏற்ப போர் அடிக்கச் சொல்லுவதுதான் முறை. நீங்கள் தலைகீழாகப் போய்விட்டு இன்ஜின் மேல் பழி போடுகிறீர்கள்.

என் கதை சின்னது. நானும் டீசல் மாட்டினேன். தாட்டோன் பக்கம் ஒரு மேட்டில் ஏறும்போது இரண்டாவது கியர் பல் போய்விட்டது. பெட்டியைத் திறந்தால் எண்ணெயில் பல் துண்டுகள், மாதுளை முத்து உதிர்ந்த மாதிரி.

இனி டீசல் மாட்ட நினைப்பவர்கள் கேளுங்கள். யாரும் கேட்கவில்லை, தெரியும். இன்ஜின் விலையை மட்டும் பார்த்து இறங்காதீர்கள். போர்க்கால ஜீப்பின் மூன்று கியர் பெட்டி அதன் 60 குதிரைசக்தி பெட்ரோல் இன்ஜினுக்குச் செய்தது. டீசல் அடியிலேயே கொடுக்கும் இழுப்பை அது தாங்காது. ஆக்சில் விகிதம் 4.88, அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற அதை ஓட்டும் தண்டு 4.88 முறை சுற்ற வேண்டும். டீசல் அதிகம் சுற்றாது, மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டினால் அலறும். வண்டி முழுக்க 6 வோல்ட். டீசல் ஸ்டார்ட்டருக்கு 12 வேண்டும், அதாவது வயரிங் மொத்தமும் புதிது. மவுண்ட், ரேடியேட்டர், இன்ஜினையும் கியர் பெட்டியையும் சேர்க்கும் பிளேட், கிளட்ச், சைலன்சர், இவையெல்லாம் தனி. இன்ஜின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி (சம்ப்) முன் அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியலில் இடிக்கிறதா என்று ஸ்பிரிங் முழுக்க அமுங்கிய நிலையில் பார்க்க வேண்டும். நிற்கிற வண்டியில் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லும் சயாவிடம் போகாதீர்கள்.

டீசல் மிச்சம் என்று சொல்லுவார்கள். 2007 ஆகஸ்ட் 15 ஞாபகம் இருக்கிறதா? ஒரே ராத்திரியில் ஒரு கேலன் 1,500 கியாட்டிலிருந்து பெட்ரோல் 2,500, டீசல் 3,000. பேரன் தம்பி, உங்கள் கணக்கு ஒரு வருஷம்கூட நிற்கவில்லை, இல்லையா?

அப்புறம் அந்த விரிசல். வார்ப்பிரும்பைச் சும்மா வெல்டிங் வைத்தால் பக்கத்தில் இன்னொன்று விடும். பிளாக்கையே சூடாக்கி, வைத்து, மெல்ல ஆறவிட வேண்டும். அல்லது திருகு முளைகளை ஒன்றோடொன்று ஒட்டி இறக்கித் தைக்கலாம், சூடே வேண்டாம். தைத்த பிறகு ஸ்லீவ், புது வால்வு சீட். முடியாத வேலை இல்லை. உங்கள் சயா அதைச் சொல்லவே இல்லையா?

பெகு ராஜா:
முடியும் முடியும் என்று எழுதுவது சுலபம். நீங்கள் ஒரு பிளாக்காவது தைத்திருக்கிறீர்களா?

தாட்டோன் தங்கை:
அண்ணன்மார் சண்டையை நிறுத்துங்கள். எங்களுடையது ஜீப் இல்லை, மஸ்டா பி600. இங்கேயே கட்டிய சின்ன நாலு சக்கரம். 577 சிசி, காற்றில் ஆறும் இரட்டைச் சிலிண்டர். வேறு இன்ஜின் மாட்டச் சொன்னவர்களையெல்லாம் அப்பா திட்டி அனுப்புவார். பழையதையே இரண்டு முறை கட்டினார். 2011-ல் பழைய வண்டியை அரசிடம் கொடுத்தால் வேறு கார் இறக்குமதி செய்ய பர்மிட் என்று வந்ததல்லவா? எங்கள் வண்டியின் முறை வந்தபோது அண்ணன் பேசிப் பேசி அவரைச் சம்மதிக்க வைத்தான்.

ஒப்படைக்கப் போன நாளில் நானும் கூட இருந்தேன். வண்டி சொந்த இன்ஜினில், முதல் முயற்சியிலேயே கிளம்பி, தானாக ஓடித்தான் உள்ளே போனது. அங்கே இருந்தவர் சாவியை வாங்கி ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டார். வாளியில் பாதிக்கு மேல் சாவிகள். அப்பா திரும்பிப் போய், சாவியிலிருந்த முருகன் வளையத்தை மட்டும் கழற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். எடுத்துக்கொள்ளுங்கள் என்று வாளியை நீட்டினார்கள். எங்கள் சாவி எது என்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பேரன் அண்ணே, உங்கள் வண்டி வீட்டில்தானே நிற்கிறது.

முடோன் பேரன்:
ஆறு வோல்ட் அண்ணே, டீசல் விலை பற்றி நீங்கள் எழுதியது உண்மை. அந்த வாரம் அப்பா ஜீப்பை எடுக்கவே இல்லை. தைக்கலாம் என்று எங்கள் சயா சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

நேற்று பிளாக்கைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு சிலிண்டரில் மழைத்தண்ணீர், இன்னொன்றில் கோழி இறகு. துருவைச் சுரண்டினால் அந்தக் கோடு அப்படியே இருக்கிறது. விரிசலைத் தைக்கலாமாம் என்று அப்பாவிடம் சொன்னேன். சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு வந்து, "ஹெட்டை எங்கே வைத்தோம்?" என்று கேட்டார்.