அப்பா பேரில் எடுக்காத கடன். ஆதாரில் இருப்பதோ விட்டுப்போன பொள்ளாச்சி நம்பர்

கொழிஞ்சாம்பாறைக்காரன்
அப்பாவின் பான் நம்பரில் 18,000 ரூபாய் பாக்கி என்று ஒரு கடன் ஆப் வசூல்காரர் தினமும் கூப்பிடுகிறார். அப்பாவிடம் இருப்பதே பட்டன் போன். ஆதாரில் கொடுத்த நம்பர் பொள்ளாச்சியில் வாங்கிய சிம், ரீசார்ஜ் போடாமல் விட்டு இரண்டு வருஷம் ஆச்சு. பேங்க் கணக்கு பொள்ளாச்சியில், ரேஷனும் பென்ஷனும் கேரளாவில். எதை முதலில் பூட்டணும்? புகார் எந்த ஸ்டேஷனில்?

வாளையார்_தெற்கு
கடனை விடுங்க, முதல்ல அந்த பழைய நம்பரைப் பாருங்க. 90 நாள் பயன்பாடே இல்லாத சிம்மை கம்பெனி நிறுத்திடலாம். அப்புறம் அதே நம்பர் வேற ஒருத்தருக்குப் போயிடும். வாங்கினவர் நல்லவராவே இருக்கலாம், ஆனா அப்பாவோட ஆதார் ஓடிபி அவர் போனில்தான் விழும். பேங்கிலும் அதே நம்பர்னா இன்னும் மோசம். யூபிஐ பின் வைக்க இப்போ டெபிட் கார்டு கூட வேண்டாம். ஆதாரின் முதல் 6 இலக்கமும் ஓடிபியும் இருந்தா ஆச்சு. எல்லை தாண்டி வீடு மாறினவங்க அந்தப் பக்க சிம்மை விட்டுட்டு இந்தப் பக்கம் புதுசு வாங்குறது சகஜம். பழசு எங்கெல்லாம் பதிஞ்சிருக்குன்னு யாரும் யோசிக்கிறதில்லை.

எந்த நம்பர் இருக்குன்னு பார்க்க மைஆதார் தளத்தில் லாகின் இல்லாமலே ஒரு வழி இருக்கு. ஆதார் செல்லுபடி சோதனைன்னு இருக்கும். 12 இலக்கமும் கேப்சாவும் போட்டா மாநிலம், வயது வரம்பு, மொபைலின் கடைசி 3 இலக்கம் காட்டும்.

மாத்தணும்னா அப்பாவை நேரில் ஆதார் மையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. எந்த மாநில மையமும் சரி, ஆதாரைப் புதுப்பிக்கிற அக்ஷயாவும் (கேரள அரசின் இ-சேவை மையம்) சரி. சான்று எதுவும் வேண்டாம், கைரேகை போதும், கட்டணம் 75 ரூபாய். விரல் தேஞ்சிருந்தா கருவிழி எடுக்கச் சொல்லுங்க. அன்னிக்கே பொள்ளாச்சி கிளைக்கும் போய் நம்பரை மாத்திடுங்க, இதை நாளைக்குத் தள்ளாதீங்க.

புது நம்பர் ஏறினதும் லாகின் பண்ணி இரண்டு வேலை. ஒண்ணு, பயோமெட்ரிக் பூட்டு. இன்னொண்ணு, கடைசி 6 மாசம் ஆதார் எங்கெங்க பயன்பட்டதுங்கிற பட்டியலை எடுத்து வைக்கிறது. கடன் எடுத்த தேதியை ஒட்டி ஓடிபி வகையில் ஒரு பதிவு இருந்தா அதுதான் உங்க சாட்சி. 6 மாசம் தாண்டினா பட்டியலில் இருந்து போயிடும், அதனால உடனே எடுங்க.

புதுநகரம் பாலக்காடு
பூட்டச் சொன்னது சரி, ஆனா ஒரு எச்சரிக்கை. பூட்டினா ரேஷன் கடை மெஷினில் விரல் ஏறாது, பென்ஷன் மஸ்டரிங்கும் (உயிரோடு இருக்கார்னு விரல் வெச்சு உறுதி பண்றது) நடக்காது. தற்காலிகமா திறந்தா சுமார் 10 நிமிஷம்தான், தானா பூட்டிக்கும். அதனால வீட்டில் திறந்துட்டுக் கிளம்பாதீங்க, வரிசையில் முன்னாடி ஒரே ஒரு ஆள் இருக்கும்போது திறங்க. ரேஷனுக்கு கார்டில் பேர் உள்ள வேற யாரும் விரல் வைக்கலாம், அதுவே சுலபம்.

பூட்டு எதுக்குன்னா, ஆதார் வழி பணம் எடுக்கிற மெஷினில் பின்னும் கிடையாது ஓடிபியும் கிடையாது. ஆதார் நம்பர், பேங்க் பேர், விரல், அவ்வளவுதான். ஒரு தடவைக்கு 10,000 வரை எடுக்கலாம். விரல் எங்கே கிடைக்கும்னு கேட்பீங்க. தெலங்கானாவில் 2018இல் ஒரு சிம் கடைக்காரர், பதிவுத்துறை தளத்தில் இருந்த பத்திரங்களின் கைரேகையை ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி அச்செடுத்து ஆயிரக்கணக்கில் சிம் ஆக்டிவேட் பண்ணிப் பிடிபட்டார்.

வாளையார்_தெற்கு
அப்பா பேரில் எத்தனை சிம் ஓடுதுன்னும் தொலைத்தொடர்புத் துறையோட சஞ்சார் சாத்தி தளத்தில் பாருங்க. ஒருத்தருக்கு 9 வரைதான் அனுமதி. ஆனா எந்த சிம்மில் ஓடிபி வாங்கறீங்களோ அந்த சிம்காரரோட பட்டியல்தான் வரும். அப்பா போனில் இருக்கிற சிம் உங்க பேரில் வாங்கினதா இருந்தா உங்க பட்டியலைப் பார்த்துட்டு நிம்மதியா இருப்பீங்க.

கணக்குப்புலி
இனி கடன். அவங்க மிரட்டினாலும் ஒரு ரூபாய்கூட கட்டாதீங்க, கடனை ஒத்துக்கிட்டதா எடுத்துக்குவாங்க. போனில் பேசாம அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் போடுங்க. கேட்க வேண்டியது நாலு: விண்ணப்பத்தில் இருந்த மொபைல் நம்பர், கொடுத்த கேஒய்சி நகல், செல்ஃபி, பணம் போன வங்கிக் கணக்கு. பணம் போன கணக்கு அப்பாவுடையது இல்லைன்னு தெரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்சது.

கூடவே யார் பேரில் என்ன கடன் இருக்குன்னு பதிவு வைக்கிற சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நாலு நிறுவனத்திலும் அறிக்கை எடுங்க. வருஷத்துக்கு ஒண்ணு ஒவ்வொண்ணிலும் இலவசம். சிபிலில் மட்டும் பார்த்துட்டு நிறுத்துறாங்க, சின்ன ஆப் கடன் வேற இடத்தில் மட்டும் பதிவாகியிருக்கலாம். கடன் கணக்குப் பகுதி மட்டுமில்ல, விசாரணைப் பகுதியையும் படிங்க. வேற எந்த நிறுவனத்தில் அப்பா பேரில் கடன் கேட்டிருக்காங்கன்னு அதில்தான் தெரியும். தப்பான பதிவுக்கு அங்கேயே ஆட்சேபம் போடலாம், காசு கிடையாது. 30 நாளில் தீர்க்கலைன்னா அதுக்கு மேல ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தரணும்னு ரிசர்வ் வங்கி விதி இருக்கு, 2024 ஏப்ரலில் இருந்து. மெயிலில் அந்த வரியையும் எழுதுங்க.

புகார் கேரளாவிலேயே கொடுங்க. தேசிய சைபர் கிரைம் தளத்தில் நீங்க வசிக்கிற மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கணும். 1930 என்பது கணக்கில் இருந்து பணம் போனா உடனே கூப்பிட. உங்களுக்கு தளமே போதும். அதில் கிடைக்கிற ஒப்புகை எண் எஃப்ஐஆர் ஆகாது, கடன் நிறுவனம் எஃப்ஐஆர் கேட்டா ஸ்டேஷனுக்குப் போகணும். "சம்பவம் பொள்ளாச்சியில், அங்கே போ"ன்னு சொன்னா, எல்லை எதுவானாலும் பதியலாம்னு பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173ஆம் பிரிவைக் காட்டுங்க. குற்றப்பிரிவு ஐடி சட்டம் 66சி, அடுத்தவர் அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்துறது.

மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிச்ச இடங்களில் மாநில அரசு அலுவலகத்துக்குத் தமிழில் எழுத 1969 கேரள ஆட்சிமொழிச் சட்டத்திலேயே இடம் இருக்கு. மலையாளம் எழுதத் தெரியலைன்னு யாரோ எழுதிக் கொடுத்ததில் கையெழுத்துப் போடாதீங்க.

கொழிஞ்சாம்பாறைக்காரன்
நன்றிங்க. நாளைக்கே மையத்துக்குப் போறோம். ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் இ-ஆதார் அனுப்பியிருக்கேன். பாஸ்வேர்டு இருக்கே, பரவாயில்லைதானே?

புதுநகரம் பாலக்காடு
அந்த பாஸ்வேர்டு பேரின் முதல் 4 எழுத்தும் பிறந்த வருஷமும். பிரின்ட் எடுக்க நீங்களே சொல்லியிருப்பீங்க, சொல்லலைன்னாலும் ஊகிச்சிடலாம். இனிமே முதல் 8 இலக்கம் மறைச்ச ஆதாரையே டவுன்லோடு பண்ணி அனுப்புங்க. யூபிஐக்குக் கேட்கிற அந்த 6 இலக்கமும் அதிலேயே மறைஞ்சிடும். நகலில் எதுக்குக் கொடுத்தது, தேதி இரண்டையும் அச்சு மேலேயே குறுக்கா எழுதுங்க. ஓரத்தில் எழுதினா வெட்டிடலாம்.