கரண்ட் கடத்துற நார் பண்ணப்போய் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

நார்க்கிறுக்கு:
சணல் நார் மேல பாலிஅனிலின் (கரண்ட் கடத்துற பாலிமர்), வழக்கமான ரூட்தான். காஸ்டிக்ல ஊறவச்சு மெழுகை எடுத்துட்டு ஐஸ் பாத்ல அனிலின், ஹைட்ரோகுளோரிக் ஆசிட், அனிலினைப் பாலிமராக்க அமோனியம் பெர்சல்பேட். கரும்பச்சையா புடிச்சுது, காஞ்சப்புறம் மீட்டர் கிலோ ஓம்ல நின்னுச்சு. துவைச்சா தாங்குமான்னு சோப்புத் தண்ணில விட்டேன் பாருங்க, கண்ணு முன்னாடியே பச்சை அப்படியே நீலமாகுது, தண்ணில ஒரு சொட்டு சாயம் இறங்கல! மீட்டர் செத்துப்போச்சு. திரும்ப ஆசிட்ல முக்குனதும் பச்சை வந்துருச்சு, கரண்ட்டும் வந்துச்சு, ஆனா ரெசிஸ்டன்ஸ் பழைய அளவுக்கு இறங்கவே இல்ல. நிறம் அதேதானே, அப்புறம் என்ன?

ஒத்தைஓம்:
இதுல மர்மமே இல்ல. சோப்புல இருக்குற காரம் டோப்பண்ட் ஆசிட்டை, அதாவது பாலிமரைக் கடத்தவைக்கிற ஆசிட்டை, உருவிருச்சு, அதான் நீலம். ஆசிட் குடுத்தா அது திரும்பும், ஆனா நார் தண்ணில உப்பி காயும்போது சுருங்குது இல்லையா, மேல இருக்குற கோட்டிங் கூடவே வளையாது, விரிசல் விழும், பச்சையைப் பாத்தா அதெல்லாம் தெரியாது. ஆமா, ஈரத்துல அளக்கலையே? எங்க லேப்ல ஒருத்தர் பெர்ரிக் குளோரைடு போட்டு பாலிபைரோல் (இதுவும் கடத்துற பாலிமர்தான்) ஏத்துன நார்ல எல்இடிய மங்கலா எரியவச்சு காட்டுனாரு, எல்லாரும் கைதட்டுறோம், இன்னொருத்தர் ஹேர் ட்ரையரைப் புடிச்சாரு, லைட்டு போச்சு. ஓடுனது பூரா மிச்சமிருந்த உப்போட அயனி கரண்ட்டு.

நார்க்கிறுக்கு:
காஞ்சப்புறம்னு எழுதிருக்கேனே ப்ரோ, படிக்கவே மாட்டீங்களா.

பஞ்சுமூட்டை:
என்னோடது சின்னது. பருத்தி நூலை பெடாட்-பிஎஸ்எஸ்ல (தண்ணில கலந்து வர்ற கடத்துற பாலிமர்) முக்கி ஓவன்ல காயவச்சேன், கையில எடுத்ததும் பட்டுன்னு அறுந்துச்சு. அந்தக் கரைசலே பிஹெச் 2 பக்கம், சூட்டுல செல்லுலோஸை அரிச்சிருக்கும்னு நெனைக்கிறேன். நார்க்கிறுக்கு, ஒண்ணு சொல்றேன், ஹைட்ரோகுளோரிக்கை விட்ருங்க, அது குட்டி மூலக்கூறு, சுலபமா கழண்டு போகும், டோடெசில்பென்சீன் சல்போனிக் மாதிரி வால் நீளமான ஆசிட் போட்டா கொஞ்சமாவது தங்கும். க்ளிப்பை நேரா நார்ல மாட்டாதீங்க, ரெண்டு முனையிலயும் சில்வர் பேஸ்ட் வச்சு அளங்க, இல்லன்னா பாதி ரெசிஸ்டன்ஸ் காண்டாக்ட்லயே இருக்கும். நீளம் சொல்லாம கிலோ ஓம்னு மட்டும் சொன்னா யாராலயும் ஒப்பிட முடியாது. அனிலின் தோல் வழியாவே உள்ள போகும், க்ளவுஸ் போடுங்க, ஃப்யூம் ஹுட் இல்லாம தொடவே தொடாதீங்க. அப்புறம் பெடாட்டுக்கு மாறுனா 5% டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்ஃபாக்சைடுங்குற கரைப்பான்) கலந்து பாருங்க, கடத்துத்திறன் எங்கயோ போயிரும்.

ஒத்தைஓம்:
நூலே அறுந்துச்சுன்னு சொல்லிட்டு அதுக்கே மாறச் சொல்றீங்களே!

நார்க்கிறுக்கு:
விரிசல் கதை சரியா இருக்கலாம். மைக்ராஸ்கோப்ல பாத்துட்டு படம் போடுறேன்.