‘அம்மாளாணை’யை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

வன்னியிலிருந்து புதிதாக இங்கிலாந்துக்கு வந்திருக்கும் தம்பி, தங்கச்சிமாருக்கு எழுதுகிறேன். நான் புதுக்குடியிருப்பு. இங்கே வந்து 11 வருடம். வீடு எடுப்பது, வங்கிக் கணக்கு, ஜீபியிடம் (குடும்ப வைத்தியரிடம்) பதிவது பற்றி முன்பே பலர் எழுதிவிட்டார்கள். நான் சொல்லப்போவது பார்வைக்குச் சின்ன விஷயம்தான். ஆனால் வந்த முதல் இரண்டு வருடமும் என்னை அதிகம் வருத்தியது இதுதான்: நெஞ்சறிந்த உண்மையைச் சொல்லும்போது, அது உண்மை என்று கேட்பவருக்கும் படும்படி ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

ஊரில் இதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ‘மெய்யாத்தான்’ என்போம். நம்பாவிட்டால் ‘சத்தியமா’. அதற்கும் அசையாவிட்டால் ‘வற்றாப்பளை அம்மாளாணை’, அதாவது முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் மேல் ஆணை. அதற்குமேல் யாரும் கேட்கமாட்டார்கள். வைகாசிப் பொங்கலுக்கு உப்புநீரில் விளக்கெரிவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அந்தப் பெயரை எடுத்துப் பொய் சொல்லமாட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். ஆணை கூடக் கூட நம்பிக்கையும் கூடும். ஆங்கிலத்தில் இது தலைகீழ். ரியலி, ஆனஸ்ட்லி, ட்ரூலி என்று ஒரே மூச்சில் அடுக்கினால், ‘ஏன் இவ்வளவு பாடுபடுகிறார்?’ என்றுதான் எதிரில் இருப்பவர் நினைப்பார். ஒரு வசனத்துக்கு ஒரு சொல் போதும். அதை எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் முழுக் காரியமும் இருக்கிறது.

ரியலியை எடுங்கள். ‘ஐ ரியலி டோன்ட் நோ’ என்றால் ‘சத்தியமாக எனக்குத் தெரியாது’. ‘ஐ டோன்ட் ரியலி நோ’ என்றால் ‘அவ்வளவாகத் தெரியாது’. ஒரு சொல் ஓரிடம் தள்ளி நின்றதும் உறுதி போய் மழுப்பல் வந்துவிடுகிறது. கடையில் பேசும்போது இது பெரிய விஷயமில்லை. குடிவரவு நேர்காணலில் பெரிய விஷயம். நம்மில் பலரிடம் இடம்பெயர்ந்த திகதியைக் கேட்பார்கள். 2008 கடைசியில் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டு, தருமபுரம், விசுவமடு என்று ஒவ்வொரு இடமாக ஓடியவர்களுக்குத் திகதி எங்கே நினைவிருக்கும்? மழை நினைவிருக்கும், எந்தப் பங்கருக்குள் இருந்தோம் என்பது நினைவிருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் ‘ஐ ரியலி டோன்ட் ரிமெம்பர் த டேட்’ என்று உறுதியாகச் சொல்லுங்கள். அதோடு நிறுத்தாமல், உங்களுக்கு உண்மையில் நினைவிருப்பதைச் சேருங்கள்: தைப்பொங்கலுக்கு அடுத்த நாட்கள், விசுவமடுவில் இன்னார் காணியில் இருந்தோம் என்பதுபோல. அந்த விவரம்தான் உங்கள் அம்மாளாணை. மொழிபெயர்ப்பாளர் இருந்தால் தமிழிலேயே பேசுங்கள். ஆனால் அங்கேயும் ‘சத்தியமா, சத்தியமா’ என்று திரும்பத் திரும்பச் சொல்லவேண்டாம். அவர் ஒவ்வொன்றையும் ஆனஸ்ட்லி, ஆனஸ்ட்லி என்று மாற்றிக்கொண்டே போனால், கேட்பவருக்கு நீங்கள் பதறுவதுபோல இருக்கும்.

ஆக்சுவலியில் நானே விழுந்திருக்கிறேன். முதியோர் இல்லமொன்றில் வேலை செய்தபோது, கூட வேலை பார்த்த ஒரு பிள்ளையின் தகப்பன் இறந்துவிட்டார். ‘உண்மையிலேயே மிகவும் வருந்துகிறேன்’ என்று எழுதுவதாக நினைத்து, ‘ஐ ஆம் ஆக்சுவலி வெரி சாரி’ என்று குறுஞ்செய்தி அனுப்பினேன். பதில் வரவில்லை. ஒரு மாதம் கழித்து இன்னொருவர்தான் தனியாகக் கூப்பிட்டு விளங்கப்படுத்தினார். ஆக்சுவலி என்றால், ‘நீ அப்படி நினைத்திருக்கமாட்டாய், ஆனால் விஷயம் இதுதான்’ என்ற சாயல் வரும். செத்த வீட்டில், ‘நீ நம்பமாட்டாய், எனக்கும் கவலைதான்’ என்று சொன்னது மாதிரி. அந்தப் பிள்ளையிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போது நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது. துக்கத்துக்கு ‘ஐ ஆம் ட்ரூலி சாரி’ போதும். ‘ஐ ஆம் சோ சாரி’ இன்னும் இயல்பு.

சின்சியர்லியில் வேறொரு பொறி. ‘பெடியன் சின்சியரா வேலை செய்வான்’ என்று நாம் சொல்வது கடும் உழைப்பை. ஆங்கிலத்தில் அந்தச் சொல் பாசாங்கில்லாத மனதைக் குறிக்கிறது. அதனால் வேலைக்கான நேர்முகத்தில் ‘ஐ வொர்க் சின்சியர்லி’ என்றால், மற்றவர்கள் நடிக்கிறார்களா என்பதுபோல விநோதமாகக் கேட்கும். அங்கே வேண்டியது ‘ஐ டேக் மை வொர்க் சீரியஸ்லி’. சின்சியர்லியை எழுத்தில் மன்னிப்புக் கேட்க வைத்துக்கொள்ளுங்கள்: ‘ஐ சின்சியர்லி அப்பாலஜைஸ்’. பேச்சில் அது கொஞ்சம் விறைப்பு.

சீரியஸ்லியையும் தனியாக வசனத்தின் தொடக்கத்தில் போடாதீர்கள். ‘சீரியஸ்லி, த பஸ் டிடின்ட் கம்’ என்று மேலாளரிடம் சொன்னால், எரிந்து விழுவதுபோல இருக்கும். ஆனஸ்ட்லியும் முன்னால் நின்றால் அப்படித்தான், சில நேரம் சலிப்பு. வினைக்குப் பக்கத்தில் வைத்தால் கனிந்துவிடும்: ‘ஐ ஆனஸ்ட்லி தாட் மை ஷிஃப்ட் வாஸ் ஆன் மண்டே.’ ஃபிராங்க்லி வேண்டவே வேண்டாம். அதற்குப் பின்னால் கசப்பான ஒன்று வரப்போகிறது என்றுதான் எல்லாரும் காத்திருப்பார்கள்.

அடுக்கலாம் என்றால் ஓரிடத்தில் மட்டும். நீதிமன்றத்தில் வேதநூல் மேல் சத்தியம் செய்யாமல் உறுதிமொழி எடுப்பவர்கள் ‘சாலம்லி, சின்சியர்லி அண்ட் ட்ரூலி’ என்று மூன்றையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். நம்முடைய சத்தியக் கடதாசி போல இங்கே ஒரு சட்டபூர்வப் பிரகடனம் இருக்கிறது. 1835ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது ‘ஐ டு சாலம்லி அண்ட் சின்சியர்லி டிக்ளேர்’ என்று தொடங்கும். அந்தச் சொற்களில் கை வைக்காதீர்கள், அப்படியே இருக்கவேண்டும்.

கடித முடிவு: பெயர் தெரிந்து எழுதினால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’, ‘டியர் சேர் ஓர் மேடம்’ என்று தொடங்கினால் ‘யுவர்ஸ் ஃபெயித்ஃபுலி’. பள்ளிக்கூடத்தில் லீவு கடிதத்துக்கு எழுதிய ‘யுவர்ஸ் ஒபீடியன்ட்லி’யை ஊரிலேயே விட்டுவிடுங்கள். மின்னஞ்சலுக்கு ‘கைண்ட் ரிகார்ட்ஸ்’ சரி.

யாருக்காவது அவசரமாக ஒரு கடிதமோ மன்னிப்போ எழுத இருந்தால், பெயர், விவரங்களை எடுத்துவிட்டு அந்த வசனத்தை மட்டும் கீழே போடுங்கள். இந்தக் கிழமை எனக்கு இரவு வேலை. காலையில் வந்ததும் பார்த்துச் சொல்கிறேன்.