சீன அமெரிக்க எழுத்தாளர் ஏமி டானின் முதல் நாவல் உங்களை எங்கே பிடித்தது?

சான்ஹோசே வாசகி
சீனாவிலிருந்து அமெரிக்கா வந்த நான்கு அம்மாக்கள், அவர்களுடைய நான்கு மகள்கள், இதுதான் அந்த நாவல். 'தி ஜாய் லக் கிளப்' என்றாலே எல்லோரும் அந்த அம்மாக்கள் மாஜாங் என்ற சீனக் கட்டை ஆட்டம் ஆடும் மேஜையில்தான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு ஞாபகம் வருவது ஒரு போன். எனக்குப் பதினாலு வயசு, அம்மாவின் ரத்தப் பரிசோதனை முடிவு வரவேண்டும், மூன்று தடவை கேட்டும் ஆஸ்பத்திரியில் அவள் பேசும் ஆங்கிலம் புரியவில்லை என்றார்கள். நாலாவது தடவை நான் போனைப் பிடுங்கி அவள் பெயரையும் பிறந்த தேதியையும் என்னுடையது மாதிரிச் சொன்னேன். இரண்டே நிமிஷத்தில் முடிவு கிடைத்தது. அம்மா நைட்டி மேல் போட்டிருந்த துண்டின் நுனியைச் சுருட்டிக்கொண்டு நின்றாள், முகத்தில் சந்தோஷமே இல்லை. ரொம்ப வருஷம் கழித்து ஏமி டான் 1990இல் எழுதிய கட்டுரையில் அதே மாதிரிக் காட்சி: பதினைந்து வயசில் அவர் நியூயார்க் பங்குத் தரகரிடம் 'நான்தான் மிஸஸ் டான்' என்று அம்மாவாகவே பேசுகிறார், அம்மா பின்னால் நின்று கிசுகிசுக்கிறார். அன்றைக்கு ராத்திரி அம்மாவுக்கு போன் பண்ணி, சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

பழையபுத்தகம்
நான் சான் பிரான்சிஸ்கோ சைனா டவுனில் வேவர்லி பிளேஸைத் தேடிப் போனேன், புத்தகத்தில் சதுரங்கம் ஆடும் சிறுமி வேவர்லிக்கு அந்தத் தெருவின் பெயர்தானே. இரண்டே பிளாக், வண்ணம் பூசிய பால்கனிகள், மேல்மாடியில் தின் ஹௌ என்ற சீனக் கடல் தெய்வத்தின் கோயில், படியேறும்போதே ஊதுபத்தி வாசனை. ஒரு பாட்டி பேத்தியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார், பேத்தி உதறிக்கொண்டே வந்தாள். புத்தகத்தில் சந்தையில் அம்மாவுக்கும் அந்தச் சிறுமிக்கும் நடக்கும் சண்டை கண்முன் வந்துவிட்டது. ஆனால் ஒன்று, அதை நாவல் என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். பதினாறு தனிக் கதைகள் அவை.

ஓக்லண்ட்காரன்
பழையபுத்தகம், ஏமி டானே சிறுகதைத் தொகுப்பு என்றுதான் நினைத்து எழுதினார், நாவல் என்று பெயர் வைத்தது விமர்சகர்கள். இருந்தாலும் நான்கு வீட்டுக் கதையும் ஒரே மேஜையைச் சுற்றி வருகிறது, செத்துப்போன அம்மாவின் நாற்காலியில் மகள் வந்து உட்கார்கிறாள், அப்புறம் எப்படித் தனிக் கதை ஆகும்? பிராங்க் சின் மாதிரி சீன அமெரிக்க எழுத்தாளர்களே சீனப் பழங்கதைகளை அவர் திரித்துவிட்டார் என்று கடுமையாகத் திட்டியிருக்கிறார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது, ஏற்கமுடியவில்லை. அம்மா சொன்ன கதை ஏட்டில் உள்ளபடி இருக்கவேண்டும் என்று யார் சொன்னது? என் அனுபவம் சின்னது: பஸ்ஸில் படித்துக்கொண்டே இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

இரவுப்பணி
எனக்கு ஏமி டானின் வயசுதான் பிடித்துக்கொண்டது. கம்பெனிகளுக்கு வியாபார எழுத்து எழுதிக்கொண்டிருந்தவர், வாரம் தொண்ணூறு மணி நேரம் வேலை. கதை எழுதப் பழகியது முப்பது தாண்டி, 1985இல் ஒரு எழுத்துப் பட்டறையில். 1987இல் அம்மாவோடு சீனா போய்த் திரும்பியபோது, எழுதி முடிக்காத புத்தகத்தை அவருடைய ஏஜென்ட் பதிப்பகத்துக்கு விற்றிருந்தார். மற்ற வேலையை விட்டு நான்கு மாதத்துக்குச் சற்று மேல் உட்கார்ந்து முடித்தார், 1989இல் வெளிவந்தபோது வயசு முப்பத்தேழு. நானும் மென்பொருள் கையேடு எழுதுகிறவள், வயசு முப்பத்தைந்து. அன்றைக்கு ராத்திரி ஷிப்டில் கையேட்டை மூடிவைத்துவிட்டு, ஒரு காகிதத்தில் எங்கள் பாட்டி பெயரை எழுதினேன். அதற்குமேல் ஓடவில்லை. அந்தக் காகிதம் இன்னும் பையில் இருக்கிறது.

அருவி
நான் பாதியில் விட்டு மறுபடி எடுத்தவள், அவ்வளவுதான் என் கதை. புதிதாகப் படிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: முதலில் ஒரு தாளில் நான்கு அம்மாக்களையும் எதிரே நான்கு மகள்களையும் எழுதிக் கோடு போடுங்கள், இல்லையென்றால் லின்டோ அம்மாவும் யிங்-யிங் அம்மாவும் கலந்துவிடுவார்கள். ஒரு நாளைக்கு ஒரு கதைக்குமேல் வேண்டாம். 1993இல் வந்த படத்தை முதலில் பார்க்காதீர்கள், முகங்கள் மனதில் ஒட்டிக்கொள்ளும். இரவுப்பணி, அந்தக் காகிதத்தைப் பையில் வைக்காதீர்கள், கிழிந்துவிடும், நோட்டில் ஒட்டுங்கள். பாட்டியைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் இந்த வாரமே பேச்சைப் பதிவு பண்ணுங்கள், கேள்வி கேட்காமல், காய் நறுக்கிக்கொடுத்துக்கொண்டே பேசவிடுங்கள், அப்போதுதான் வரும்.

சான்ஹோசே வாசகி
அருவி சொன்னதை நேற்று வேறு விதமாகச் செய்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவுக்கு முதல் கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தேன். போரில் தப்பி ஓடும் தாய் இரட்டைக் குழந்தைகளை வழியோரம் விட்டுப்போகும் இடம். ஏமி டானின் அம்மாவும் 1949இல் மூன்று மகள்களை ஷாங்காயில் விட்டுவந்தவர்தான் என்றேன். அம்மாவின் கை நின்றுவிட்டது.
"அந்தப் பிள்ளைங்க கெடைச்சாங்களா?"
கடைசிக் கதையில் வரும் என்றேன். இப்பவே அதைப் படி என்றாள்.